கடிகாரம் மாறும் வாரம்: சைக்கிள்காரருக்கு லாபமா, நட்டமா?

கிழக்குவழி | 20 அக்டோபர் 2025, இரவு 8:41

வரும் ஞாயிறு, 26ஆம் தேதி, பிரிட்டனில் கோடை நேரம் முடிந்து, அதிகாலை 2 மணி மறுபடியும் 1 மணி ஆகிறது. லண்டனில் சனிக்கிழமை சூரியன் மறைவது சுமார் 5:46க்கு, ஞாயிற்றுக்கிழமை சுமார் 4:44க்கு. ஒரே ராத்திரியில் ஆபீஸ் விட்டு வரும் பாதை முழுக்க இருட்டுக்குள் போய்விடுகிறது.

ஒவ்வொரு அக்டோபரிலும் "இந்தக் கூத்தே வேண்டாம், வருஷம் முழுக்கக் கோடை நேரமே இருக்கட்டும்" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். "குளிர்கால நேரம்தான் சூரியனோடு ஒத்துப்போகும்" என்று எதிர்க் கோஷ்டி. மின்சாரம், விவசாயி, தூக்கம் பக்க வாதமெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. சைக்கிள் ஓட்டுகிறவருக்கு மட்டும் கணக்குப் போட்டால் என்ன வரும்?

பேச்சுக்கு ஒரு பாதை: கிழக்கு லண்டனின் பார்க்கிங் (Barking) பகுதியிலிருந்து நகர நடுவில் உள்ள டவர் ஹில், சைக்கிள்வே 3 என்ற சைக்கிள் தடம் வழியாக. காலை 7:40க்குக் கிளம்பி, மாலை 6 மணிக்கு வீடு. அக்டோபர் மாற்றத்தில் என்ன கூடுகிறது, மார்ச்சில் கடிகாரம் ஒரு மணி முன்னே போகும்போது என்ன குறைகிறது, வண்டியில் எதைக் கவனிக்க வேண்டும்? "பார்த்துப் பத்திரமாப் போங்க" வகைப் பதில் வேண்டாம், ப்ளீஸ்.

---

டைனமோ_தம்பி | 20 அக்டோபர், இரவு 9:15

அண்ணா, எந்த நேரம் நல்லதுங்கிற பஞ்சாயத்து அப்புறம். முதல்ல லைட்டைப் பாருங்க.

ஏப்ரல்ல கழட்டி டிராயர்ல போட்ட லைட்டு, மாத்தின மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம்தான் வெளிய வரும். பாதி வழியில அணைஞ்சிடும். காரணம் இதுதான்: லித்தியம் அயான் செல்லைக் காலியா வெச்சா, சும்மா இருந்தாலே இன்னும் இறங்கும். ஒரு அளவுக்குக் கீழ போயிட்டா உள்ள இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட் திரும்ப சார்ஜ் ஏற விடாது. முழுசா நிரப்பி வெயில் படுற ஜன்னலோரம் வெச்சாலும் கொள்ளளவு தேயும். கோடைக்குப் பாதி சார்ஜ்ல வைக்கிறதுதான் சரி.

இந்த வாரமே பண்ண வேண்டியது: முழுசா சார்ஜ் போடுங்க. நீங்க நிஜமா ஓட்டுற மோட்ல எரிய விட்டு, அணையுற வரைக்கும் நேரம் குறிச்சுக்கோங்க. எரியும்போது எதிர்ல ஒரு ஃபேன் ஓடட்டும். ஓடுற வண்டியில காத்து லைட்டைக் குளிர வைக்கும். மேஜைமேல சும்மா வெச்சா சூடேறி, தானாவே மங்கி, உங்களுக்கு இல்லாத நேரத்தைக் கூட்டிக் காட்டும். பெட்டியில போட்டிருந்த நேரத்துல பாதிகூட வரலைன்னா செல் முடிஞ்சது.

எவ்வளவு வரணும்னு தோராயக் கணக்கு: 5000 எம்ஏஎச் செல் ஒண்ணுல சுமார் 18 வாட்-ஹவர். ஒரு வாட்டுக்கு 100 லூமென் வெளிச்சம்னு வெச்சுக்கிட்டா, 400 லூமென்ல நாலரை மணி நேரம். 1000 லூமென்ல ரெண்டு மணி நேரம்கூட வராது. பூஜ்ஜியம் டிகிரி பக்கம் போனா இதுல அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் கழிச்சுக்கோங்க. உறையுற குளிர்ல இருந்த லைட்டை உடனே சார்ஜ்ல போடாதீங்க. வீட்டுக்குள்ள கொண்டுவந்து அரை மணி விட்டுப் போடுங்க.

தெருவிளக்கு இருக்கிற சைக்கிள்வே 3க்கு 300–400 லூமென் தாராளம். லீ ஆத்தோரம், ரீஜன்ட்ஸ் கால்வாய் ஓரம் மாதிரி விளக்கே இல்லாத பாதைக்கு 600–800 வேணும், இல்லைன்னா பள்ளம் தெரியுறதுக்குள்ள சக்கரம் அதுல இறங்கியிருக்கும்.

இன்னொண்ணு: சார்ஜ் ஓட்டையை மூடுற ரப்பர். அதுதான் முதல்ல போகும். உள்ள பச்சைப் பூத்திருந்தா மழையில கவுத்துடும்.

---

நிழல்மானி | 20 அக்டோபர், இரவு 10:30

கிழக்குவழி கேட்டது கணக்கு. இதோ கணக்கு.

லண்டனில் குளிர்கால நேரப்படி, டிசம்பர் கடைசியில் உதயம் 8:06, டிசம்பர் நடுவில் அஸ்தமனம் 3:51. உங்கள் நேரங்களை வைத்து, காலையில் உதயத்துக்கு முன் கிளம்பும் வாரங்களையும், மாலையில் அஸ்தமனத்துக்குப் பின் வீடு சேரும் வாரங்களையும் எண்ணினால்:

இப்போதைய முறையில் காலை இருட்டு நவம்பர் கடைசி முதல் ஜனவரி கடைசி வரை, சுமார் 9 வாரம். மாலை இருட்டு அக்டோபர் 18 வாக்கில் தொடங்கி மார்ச் 13 வாக்கில் முடியும், சுமார் 21 வாரம். மொத்தம் 30.

வருடம் முழுக்கக் கோடை நேரம் என்றால் மாலை இருட்டு பிப்ரவரி 7 வாக்கிலேயே முடிந்துவிடும், 16 வாரம். ஆனால் காலை இருட்டு அக்டோபர் கடைசி முதல் மார்ச் முதல் வாரம் வரை நீளும், 19 வாரம். மொத்தம் 35.

அதாவது "நிரந்தரக் கோடை நேரம் வந்தால் வெளிச்சம் மிச்சம்" என்பது உங்கள் பாதைக்குப் பொருந்தாது. ஐந்து வாரம் கூடுதலாகத்தான் இருட்டு. எங்கோ ஒரு மணி நேர வெளிச்சம் கிடைத்தால், அது இன்னொரு முனையிலிருந்து எடுத்ததுதான்.

உங்கள் நேரம் வேறு என்றால் இப்படிச் சோதியுங்கள். காலை கிளம்பும் நேரத்துக்கும் மாலை வந்து சேரும் நேரத்துக்கும் நடுப்புள்ளியைக் காணுங்கள். 7:40க்கும் 18:00க்கும் நடுவே 12:50. லண்டனில் சூரியன் உச்சிக்கு வருவது குளிர்கால நேரப்படி 12 மணி ஒட்டி, கோடை நேரப்படி 1 மணி ஒட்டி. பகல் குறுகிய மாதங்களில் காலை, மாலை இரண்டு முனையும் இருட்டைத் தொடுகிறவர்களுக்கு, நடுப்புள்ளி எந்த உச்சிக்குக் கிட்டவோ அந்த நேரம் அவருக்கு வசதி என்று தோன்றும். ஆனால் உங்கள் 12:50 கோடை உச்சிக்குத்தானே கிட்ட? அங்கேதான் சிக்கல். வாரங்களை எண்ணும்போது குளிர்கால நேரம் ஜெயிக்கிறது. காரணம், மாலை இருட்டு ஏற்கெனவே நீண்டு கிடப்பதால், அதில் ஒரு மணி நேரம் திருப்பிக் கொடுத்தாலும் அக்டோபர் ஓரம் மாறாது, மார்ச் ஓரத்தில் ஐந்து வாரம்தான் குறையும். காலையிலோ உதயம் 7:40ஐ நவம்பர் கடைசியில்தான் தொடுகிறது. ஒரு மணி நேரம் தள்ளினால் இரு பக்கமும் ஐந்தைந்து வாரம் இருட்டில் விழுகிறது. டிசம்பரில் உதயமும் அஸ்தமனமும் ஏறக்குறைய நகராமல் நிற்கும். அக்டோபரிலும் மார்ச்சிலும் ஓடும். நின்ற இடத்தில் ஒரு மணி நேரம் பல வாரம், ஓடும் இடத்தில் சில வாரம். ஆகவே நடுப்புள்ளியை நம்பாமல் வாரங்களை எண்ணுங்கள்.

9:10க்குக் கிளம்பி 7 மணிக்கு வீடு சேருகிறவருக்குக் காலைப் பிரச்சினையே இல்லை. நிரந்தரக் கோடை நேரத்திலும் உதயம் 9:06ஐத் தாண்டாது. மாலையில் அவருக்கு மார்ச்சில் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் மிச்சம். அவ்வளவுதான்.

அஸ்தமனத்துக்குப் பிறகு லண்டனில் அரை மணிக்கு மேல் அந்தி வெளிச்சம் நிற்கும். மேலே சொன்ன வாரங்களில் ஓரத்தில் உள்ளவை எல்லாம் அந்த மங்கலில்தான், கும்மிருட்டில் அல்ல.

---

ஸ்காபுறோ_சில்லு | 21 அக்டோபர், காலை 4:05

ரொறன்ரோவில மாத்தம் ஒரு கிழமை பிந்தி, நவம்பர் 2. 2007இல இருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும்தான் கணக்கு. எங்களுக்கு நவம்பர் ஒரு பெரிய விசயமில்லை. ஆக்கள் லைற்றைப் பூட்டிக்கொண்டு போவினம். பிரச்சினை மார்ச்.

மார்ச் 8 அடுத்த மாத்தம். முதல் நாள் 6:40 வாக்கில விடிஞ்சது, அடுத்த நாள் 7:40க்குத்தான் விடியும். மார்ச்சில பகல் சூட்டில ஸ்னோ உருகி றோட்டுக்குக் குறுக்கால தண்ணி ஓடும், இரவு அது ஐஸாகும். விடிஞ்சு ஒரு மணித்தியாலம் போனாத்தான் இளகத் தொடங்கும். மாத்தத்துக்கு முதல் கிழமை 8 மணிக்குப் போனா ஐஸ் இளகியிருக்கும். மாத்தத்துக்குப் பிறகு அதே 8 மணி சூரியனுக்கு 7 மணி. ஐஸ் அப்பிடியே கிடக்கும், அதுவும் கறுப்பு ஐஸ், கண்ணுக்குத் தெரியாது.

ஆனா பின்னேரம் 7 மணி தாண்டியும் வெளிச்சமாயிருக்கிறதால எல்லாரும் "வசந்தம் வந்திட்டுது" எண்டு அந்த வார இறுதியிலயே ஐஸுக்கெண்டு பூட்டின ஆணி ரயரைக் கழட்டிப் போடுவினம். அதுதான் பிழை. மணிக்கூட்டைப் பாத்துக் கழட்டாதேங்கோ. இரவு வெப்பநிலை தொடர்ந்து ஒரு கிழமை பூச்சியத்துக்கு மேல நிண்ட பிறகு கழட்டுங்கோ. முன் ரயரைக் கடைசியாக் கழட்டுங்கோ. பின் சில்லு வழுக்கினா சமாளிக்கலாம், முன் சில்லு வழுக்கினா விழுந்த பிறகுதான் தெரியும்.

ஆணி ரயர் வைச்சிருக்கிற ஆக்களுக்கு இன்னொண்டு. ஷ்வால்பே மரதன் வின்ரர் மாதிரி ரயருகளில காத்தைக் கூட்டினா நடு ரப்பர்தான் நிலத்தில படும், சத்தமும் குறைவு. காத்தைக் குறைச்சா ஆணி நிலத்தைக் கடிக்கும். விடிய ஐஸ், பின்னேரம் காஞ்ச றோட் எண்டு இருக்கிற மார்ச்சில விடிய குறைஞ்ச காத்தோட போய், வேலையிடத்தில பம் பண்ணிக்கொண்டு திரும்பலாம். புது ரயர் எண்டா முதல் 40 கிலோமீற்றர் தார் றோட்டில மெதுவா ஓடோணும், உறுக்கிப் பிரேக் பிடிச்சா ஆணி கழண்டு போகும்.

---

மேட்டுப்பாதை | 21 அக்டோபர், காலை 7:20

ஸ்காபுறோ அண்ணன் சொன்னது ஸ்காட்லாந்துக்கும் அப்படியே பொருந்தும், எங்களுக்கு டிசம்பரிலேயே. கிளாஸ்கோவில் டிசம்பர் கடைசியில் உதயம் 8:47. நிரந்தரக் கோடை நேரம் என்றால் 9:47. தரை அதிகம் குளிர்ந்திருப்பது உதயத்தை ஒட்டித்தான். கார் ரோட்டுக்கு உப்பு போடுவார்கள், போகிற டயர்கள் அதை அரைத்துப் பரப்பும். தனியாகப் பிரித்த சைக்கிள் தடத்துக்குப் பல இடங்களில் உப்பு வண்டியே வராது, வந்தாலும் அரைக்க ஆள் இல்லாததால் உப்பு மணியாகவே கிடக்கும். அதனால் அங்கே சூரியன்தான் ஒரே வழி.

இதை ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று. 1968 முதல் 1971 அக்டோபர் வரை பிரிட்டன் குளிர்காலத்திலும் கோடை நேரத்தில்தான் இருந்தது. 1970 டிசம்பரில் நாடாளுமன்றம் 366க்கு 81 என்று அதை வேண்டாம் என்றது. அமெரிக்கா 1974 ஜனவரியில் தொடங்கி அந்த வருடமே பின்வாங்கியது. இரண்டு இடத்திலும் பெரிய புகார் குழந்தைகள் இருட்டில் பள்ளிக்குப் போக வேண்டியிருப்பதுதான்.

---

கிழக்குவழி | 21 அக்டோபர், மதியம் 12:50

நிழல்மானி, வாரக் கணக்குக்கு நன்றி. ஆனால் காலை இருட்டும் மாலை இருட்டும் ஒரே எடையா? அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

மாலையில் ரோட்டில் வண்டி அதிகம். ஓட்டுகிறவர் களைத்திருப்பார். பள்ளி விட்ட பிள்ளைகள், கடைக்கு வந்தவர்கள், பப் வாசல் கூட்டம், எல்லாம் மாலைதான். விபத்துத் தடுப்புக்கான ராயல் சங்கம் பல வருடமாக மாலைக்கு வெளிச்சத்தைத் தள்ளச் சொல்வது இதனால்தான். மேட்டுப்பாதை சொன்ன 1968–71 சோதனையிலும், காலையில் விபத்து கூடியதைவிட மாலையில் குறைந்தது அதிகம் என்றுதான் அப்போதைய ஆய்வு சொன்னது.

அதோடு, எத்தனை பேர் ஓட்டுகிறார்கள் என்பதும் மாறும். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் அட்லியும் ஃபோஷியோஸும் இந்தக் கடிகார மாற்றத்தையே கருவியாக்கி ஓர் ஆய்வு செய்தார்கள், 2017இல் வெளியானது. அமெரிக்காவின் ஆர்லிங்டன் கவுண்டியில் தானியங்கி எண்ணிகள் பதிந்த தரவு. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதே மணி, ஏறக்குறைய அதே வாரம். வெளிச்சம் மட்டும் வேறு. வெளிச்சம் இருந்தால் சைக்கிள்காரரும் கூடினார்கள், நடப்பவர் அதைவிட அதிகம் கூடினார்கள். மாலையில் தடம் காலியானால் மீதி இருப்பவருக்கும் ஆபத்து. பக்கத் தெருவிலிருந்து திரும்பும் கார்க்காரர் சைக்கிளை எதிர்பார்க்கவே மாட்டார்.

---

மேட்டுப்பாதை | 21 அக்டோபர், மதியம் 1:35

1968–71 கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. 1967 அக்டோபரில்தான் பிரிட்டனில் மூச்சுப் பரிசோதனையும் குடித்து ஓட்டுவதற்கான வரம்பும் வந்தன. மாலை விபத்து குறைந்ததில் அதன் பங்கு எவ்வளவு, வெளிச்சத்தின் பங்கு எவ்வளவு என்று அன்றிலிருந்தே சண்டைதான். அதோடு அவை எல்லா வகைச் சாலை விபத்தும் சேர்ந்த எண்கள். கார் ஐஸில் லேசாக வழுக்கினால் நிமிர்த்திக்கொள்ளும். இரண்டு சக்கரத்துக்கு அந்த வசதி கிடையாது. நடப்பவருக்கும் கார்க்காரருக்கும் லாபமான ஒரு முடிவு நமக்கு லாபமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை.

---

நிழல்மானி | 21 அக்டோபர், இரவு 9:48

இருட்டைப் பற்றியே பேசுகிறோம். கடிகாரம் மாறும்போது அதைவிட மோசமான ஒன்று நகர்கிறது: தாழ்ந்த வெயில்.

சூரியன் அடிவானத்திலிருந்து 10 டிகிரிக்குள் இருக்கும்போது கார் கண்ணாடியில் நேராக இறங்கும். சன் வைசர் மறைக்காது. அழுக்குக் கண்ணாடி என்றால் முழுக்க வெள்ளை. லண்டனில் இந்தப் பருவத்தில் சூரியன் மணிக்கு 8–9 டிகிரி ஏறும், ஆகவே உதயத்துக்குப் பின் ஒரு மணிக்கும் சற்று மேலான நேரம் ஆபத்து. அஸ்தமனத்துக்கு முன்னும் அப்படியே.

இந்த வாரம் உதயம் 7:40 ஒட்டி. கிழக்குவழியின் காலைப் பயணம் முழுதும் 0–6 டிகிரியில். மாற்றத்துக்குப் பின் அதே 7:40க்குச் சூரியன் 7 டிகிரியில், டவர் ஹில் சேரும்போது 12ஐ எட்டும். ஆகவே அக்டோபர் மாற்றம் காலையில் உடனே நன்மை. மாலையில் வெயிலே இல்லை, நேராக இருட்டு.

மார்ச் தலைகீழ். மாற்றத்துக்கு முந்தைய வாரம் 7:40க்குச் சூரியன் 17 டிகிரி மேலே. மறு வாரம் அதே 7:40க்கு 9 டிகிரி. 7 மணிக்குக் கிளம்புகிறவருக்கு 3 டிகிரிதான். பிப்ரவரியோடு முடிந்தது என்று மறந்துபோன கூச்சம் ஏப்ரலில் இரண்டு மூன்று வாரத்துக்குத் திரும்ப வருகிறது. அதுவும் சம இரவு நாளை ஒட்டி இருப்பதால் சூரியன் சரியாகக் கிழக்கில் எழும். கிழக்கு மேற்காக ஓடும் ஏ13 சாலைக்கு இதைவிட மோசமான பொருத்தம் கிடையாது.

இதில் கவனிக்க வேண்டியது, கிழக்குவழி காலையில் மேற்கே போகிறார், வெயில் முதுகில். மாலையில் கிழக்கே வருகிறார், அப்போதும் வெயில் முதுகில். தன் கண் கூசாததால் ஆபத்தே தெரியாது. எதிரே வந்து, அவர் தடத்துக்குக் குறுக்கே திரும்புகிற ஓட்டுநருக்குத்தான் வெயில் முகத்தில்.

கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். தரையில் உங்கள் நிழலைப் பாருங்கள். 10 டிகிரியில் நிழல் உயரத்தைப் போல 5.7 மடங்கு, சீட்டில் உட்கார்ந்த ஆளுக்குச் சுமார் 10 மீட்டர், இரண்டு கார் நீளத்துக்கும் சற்று மேல். 5 டிகிரியில் சுமார் 19 மீட்டர். நிழல் இரண்டு கார் நீளத்தைத் தாண்டினால், நிழலின் தலை எந்தக் காரை நோக்கி நீள்கிறதோ அந்தக் கார்க்காரருக்கு நீங்கள் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சை விளக்கு உங்களுக்கு இருந்தாலும் சந்திப்பில் வேகத்தைக் குறையுங்கள். முன் லைட் பகலிலும் எரியட்டும், ஆனால் 5 டிகிரி வெயிலுக்கு முன்னால் 400 லூமென் எடுபடாது.

---

டைனமோ_தம்பி | 21 அக்டோபர், இரவு 10:20

அந்த நிழல் கணக்கு அட்டகாசம், சார்.

சட்டம் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்லிடுறேன். பிரிட்டன்ல சூரியன் மறைஞ்சதுல இருந்து உதிக்கிற வரைக்கும் சைக்கிளுக்கு முன்னாடி வெள்ளை, பின்னாடி சிவப்பு எரியணும். அரை மணி சலுகை எல்லாம் கிடையாது. காருக்கு ஹெட்லைட் கட்டாயம் அஸ்தமனத்துக்கு அரை மணி கழிச்சுதான், அதுவும் தெருவிளக்கு இல்லாத ரோட்ல. பின்னாடி சிவப்பு ரிஃப்ளெக்டர், பெடல்ல முன்னும் பின்னும் ஆரஞ்சு ரிஃப்ளெக்டர் (1985 அக்டோபருக்கு அப்புறம் செஞ்ச வண்டின்னா) அதுவும் சட்டத்துல உண்டு. கிளிப் பெடல் போட்டவங்க கிட்ட இது பெரும்பாலும் இருக்காது. ஷிமானோ சில பெடலுக்குத் தனியா ரிஃப்ளெக்டர் துண்டு விக்குது. மினுக்குற லைட் 2005ல இருந்து ஓகே, நிமிஷத்துக்கு 60லேர்ந்து 240 தடவைக்குள்ள. ஜெர்மனிக்கு வண்டியை எடுத்துட்டுப் போனா மினுக்காதீங்க, அங்க அது கூடாது.

அப்புறம் கோணம். சைக்கிள்வே 3ல கேபிள் ஸ்ட்ரீட், எம்பாங்க்மென்ட் ரெண்டும் இருவழித் தடம். கடிகாரம் மாத்தின முதல் வாரம் எதிர்ல வர்றவன் லைட்டு மூஞ்சில அடிச்சு ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது. சரி பண்ற விதம்: சமதரையில வண்டியைச் சுவத்துக்கு 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்க. லைட் நடுப்புள்ளி தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்னு அளங்க, ஹேண்டில்பார்ல இருந்தா சுமார் 1 மீட்டர். சுவத்துல அதுல பாதி உயரத்துல, அதாவது 50 செ.மீ.ல டேப் ஒட்டுங்க. நீங்க சீட்ல உக்காந்து, வெளிச்சத்தோட பளிச்சுன்னு இருக்கிற நடு அந்த டேப்ல விழுற மாதிரி சாய்ச்சு இறுக்குங்க. அப்படின்னா தரையில 10 மீட்டர் தூரத்துல விழும். டார்ச் மாதிரி வட்டமா அடிக்கிற லைட்டுக்கு இது பாதித் தீர்வுதான். மேல் பாதி வெளிச்சம் இன்னும் கண்ணுக்குத்தான் போகும். மேல் விளிம்பு நேர்கோடா வெட்டின மாதிரி இருக்கிற ஜெர்மன் தரத்து லைட் வாங்கினா தொல்லையே இல்ல.

பின் லைட்டுல பகல் மோடை ராத்திரி போடாதீங்க. பின்னாடி வர்ற சைக்கிள்காரர் கண்ணு போயிடும். 10–20 லூமென், நிலையா எரியட்டும். நிலையா எரிஞ்சாத்தான் எவ்வளவு தூரத்துல இருக்கீங்கன்னு பின்னாடி வர்றவரால கணிக்க முடியும்.

---

மேட்டுப்பாதை | 22 அக்டோபர், காலை 7:05

உடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பளீர் மஞ்சள் ஜாக்கெட் மினுங்குவது பகல் வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிரால். அந்தியில் நன்றாகத் தெரியும். இருட்டிய பின் தெருவிளக்கில் அது வெறும் வெளிர் துணி. 27ஆம் தேதி மாலைக்கு வேண்டியது காரின் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் வெள்ளிப் பட்டை, அதுவும் கணுக்காலில். மிதிக்கும்போது ஏறி இறங்குகிற பட்டையைப் பார்த்தாலே "இது சைக்கிள்" என்று ஓட்டுநருக்கு உறைத்துவிடும். முதுகில் உள்ள பட்டை கம்பமா ஆளா என்றே தெரியாது. ஒரு ஜோடி மூன்று நான்கு பவுண்டுதான்.

---

விடியல்_4மணி | 22 அக்டோபர், காலை 9:40

பிரிஸ்பேனிலிருந்து. குயின்ஸ்லாந்தில் இந்த மாற்றமே கிடையாது. 1992இல் வாக்கெடுப்பு வைத்து 54.5 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். விளைவு: டிசம்பரில் உதயம் காலை 5 மணிக்கு முன்னாலேயே, அஸ்தமனம் மாலை 6:45க்குள். அதனால் இங்கே சைக்கிள் என்றாலே விடிகாலை. 5 மணிக்கு ஆற்றோரச் சுற்றில் கூட்டம் கூட்டமாக ஆட்கள். வேலைக்கு முன்பே ஓட்டி முடித்துவிடுவார்கள், மாலையில் ஒருவரும் இல்லை.

உங்கள் ஊரில் யாரும் யோசிக்காத ஒன்று, சூடு. மெல்பர்னிலும் அடிலெய்டிலும் கோடை நேரம் உண்டு. அங்கே மாலை 5:30க்கு ஆபீஸ் விட்டால் சூரியனுக்கு மணி 4:30க்குள். 40 டிகிரி நாளில் வெப்பம் உச்சத்தை விட்டு இறங்கியே இருக்காது. மாலைக்கு வெளிச்சம் கூடுதல் என்றால் மாலைக்கு வெயிலும் கூடுதல். மணிக்கு 750 மில்லி தண்ணீர் இல்லாமல் அந்த நேரத்தில் ஏறாதீர்கள்.

---

ஸ்காபுறோ_சில்லு | 22 அக்டோபர், பின்னேரம் 3:30

ஒன்ராறியோவில 2020இலயே நிரந்தரக் கோடை நேரத்துக்குச் சட்டம் போட்டாச்சு, ஆனா கியூபெக்கும் நியூயோர்க்கும் சேர்ந்து மாறினாத்தான் நடைமுறைக்கு வரும். அப்பிடி வந்தா ஜனவரியில ரொறன்ரோவில விடியிறது 8:50 வாக்கில. ஐரோப்பிய நாடாளுமன்றமும் 2019இல 410க்கு 192 எண்டு மாத்தத்தை நிப்பாட்டச் சொல்லி வாக்களிச்சது, நாடுகள் ஒத்துவரேல்லை, அப்பிடியே கிடக்குது.

எங்கட ஊரிலயும் இந்தக் கூத்து நடந்ததுதான். 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டில இலங்கை அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது, அக்டோபரில அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது, 2006 ஏப்ரல் வரைக்கும் அப்பிடியே. புலிகளின்ர கட்டுப்பாட்டில இருந்த வன்னியில பழைய நேரந்தான். சைக்கிள்ல ஒரு சோதனைச் சாவடியைக் கடந்தா அரை மணித்தியாலம் மாறின காலம்.

---

நெறியாளர் | 22 அக்டோபர், மாலை 5:10

வன்னி நேரம் பற்றி வந்த நான்கு பதில்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே சைக்கிள் மட்டும்.

---

நெடுந்தூரம்_400 | 22 அக்டோபர், இரவு 8:55

ராத்திரி ஓடும் ஆடாக்ஸ் (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) பற்றி ஒரு கேள்வி. மார்ச் 28 சனிக்கிழமை காலை 6 மணிக்குத் தொடங்கும் 400 கி.மீ. என்றால், 27 மணி நேர வரம்பு ஞாயிறு எத்தனை மணிக்கு முடியும்? வண்டியில் உள்ள சைக்கிள் மீட்டரின் கணக்குக் கெட்டுப்போகுமா?

---

நிழல்மானி | 22 அக்டோபர், இரவு 9:30

வரம்பு ஓடிய மணி நேரத்துக்குத்தான், சுவர்க் கடிகாரத்துக்கு இல்லை. சனி 6 மணியோடு 27 கூட்டினால் ஞாயிறு 9 மணி. இடையில் 1 மணி 2 மணியாகத் தாண்டுவதால் கடிகாரத்தில் 10 மணி. அக்டோபர் மாற்ற ராத்திரி என்றால் அதே கணக்கு 8 மணிக்கு முடியும். இடைக் கட்டுப்பாட்டு நிலையங்களின் மூடும் நேரம் அட்டையில் எந்த நேரப்படி அச்சாகியிருக்கிறது என்று அமைப்பாளரிடம் முன்பே கேளுங்கள். பெட்ரோல் பங்க் ரசீதை ஆதாரமாகக் கொடுப்பதானால், அதிகாலையில் சில பில் இயந்திரங்கள் பழைய நேரத்திலேயே இருக்கும். ரசீதின் ஓரத்தில் நீங்களே சரியான நேரத்தைக் குறித்துவையுங்கள்.

மார்ச்சில் இன்னொன்று: அந்த வாரம் தூக்கம் ஒரு மணி நேரம் குறைந்திருக்கும். 1996 முதல் 2017 வரையான அமெரிக்கத் தரவை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், வசந்த கால மாற்றத்துக்கு மறு வாரம் உயிரிழப்பு விபத்துகள் 6 சதவீதம் கூடியிருந்தன. அது எல்லா மோட்டார் விபத்தும் சேர்ந்தது. ஆனாலும் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் காரில், நீங்கள் சைக்கிளில். புதன்கிழமையே தொடங்கி தினம் 15 நிமிடம் முன்னதாகப் படுத்தால் ஞாயிறுக்குள் சரியாகிவிடும்.

---

கிழக்குவழி | 23 அக்டோபர், காலை 7:15

வாரக் கணக்கும் நிழல் கணக்கும் பார்த்த பிறகு, நிரந்தரக் கோடை நேரத்துக்கு என் ஓட்டு இனி இல்லை. மாலை இருட்டுக்கு எடை அதிகம் என்ற கருத்து மாறவில்லை, ஆனால் அதற்கு மருந்து லைட்டும் தடத்தில் தெருவிளக்கும். ஐஸுக்கு அப்படி மலிவான மருந்து இல்லை.

ரிச்மண்ட் பார்க் வழியாக வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு தகவல். கார் வாசல்கள் அந்தியில் மூடும், ஆகவே 26க்குப் பிறகு மாலையில் கார் இல்லாத ரோடு கிடைக்கும். ஆனால் மான்கள் நடமாடுவதும் அந்தியில்தான், இப்போது அவற்றின் இணைசேரும் பருவம் வேறு. ஒன்று குறுக்கே ஓடினால் பின்னால் இன்னும் இரண்டு வரும் என்று நினைத்து நின்றுவிடுங்கள். நவம்பரிலும் பிப்ரவரியிலும் இரவு 8 முதல் காலை 7:30 வரை நடை வாசலும் மூடியிருக்கும், அதற்குள் வெளியே வந்தாக வேண்டும்.

நெடுந்தூரம் கேட்ட மீட்டர் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

---

டைனமோ_தம்பி | 23 அக்டோபர், காலை 8:02

ஜிபிஎஸ் மீட்டர்னா கவலையே வேணாம். உள்ள கோப்புல உலகப் பொது நேரம்தான் பதியும், திரையில காட்டுற மணி மட்டும் தாவும். ஓடின நேரம், சராசரி வேகம் எதுவும் கெடாது. திரையில மணி தாவலைன்னா திறந்த வெளியில நிறுத்தி சாட்டிலைட் பிடிக்க விடுங்க, அப்பவும் மாறலைன்னா செட்டிங்ல நேர மண்டலம் 'தானியங்கி'யில இருக்கான்னு பாருங்க. ஒயர் போட்ட பழைய கேட்ஐ மாதிரி மீட்டர்ல மணியைக் கையாலதான் மாத்தணும். மாத்துறதுக்கு முன்னாடி மொத்தக் கிலோமீட்டரை ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க. சில மாடல்ல பின்பக்க பட்டனை அழுத்தினா டயர் அளவு உட்பட எல்லாம் அழிஞ்சிடும். சக்கரச் சுற்றளவு மில்லிமீட்டர்ல, 700×25 டயருக்கு 2105, 700×28க்கு 2136, திரும்ப அடிச்சுக்கோங்க.